ஸ்கேனருக்காக எக்ஸ்பி: புதிய மடிக்கணினிக்குள் ஒரு பழைய கணினி

விர்ச்சுவல் மெஷின் (மென்பொருளாலேயே செய்து, கணினிக்குள் ஓடவிடும் இன்னொரு கணினி) அமைக்க உட்காரும் பலரும் முதலில் செய்வது, கையில் இருக்கும் நல்ல சரக்கையெல்லாம் அதற்கு அள்ளிக் கொடுப்பதுதான். நான்கு கோர், எட்டு ஜிபி ரேம், வேகமான டிஸ்க் கன்ட்ரோலர், யூஎஸ்பி 3. பழைய இயங்குதளம் ஒன்றை ஓட்டுவதாக இருந்தால் இதில் பெரும்பாலானவை உபத்திரவம். உள்ளே ஓடும் இயங்குதளத்தின் கண்ணில் உங்கள் கணினி படுவதே இல்லை. செட்டிங்ஸ் பக்கத்தில் எதைக் கணினி என்று எழுதிவைக்கிறீர்களோ, அதற்கு அதுதான் கணினி. அந்த இயங்குதளம் வெளிவந்த காலத்தில் எல்லோரிடமும் இருந்த சாதாரணக் கணினியாகப் பார்த்து எழுதிவைத்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிச் சண்டை, இந்த ஏற்பாடு எங்கெங்கே செல்லாது என்பதைப் பற்றியது.

எனக்கு இது தேவைப்பட்டது ஒரு ஃபிலிம் ஸ்கேனருக்காக. 35 மிமீ நெகட்டிவ்களை 4000 டிபிஐ துல்லியத்தில் ஸ்கேன் செய்யும் கருவி. லென்ஸ், மோட்டார், விளக்கு எல்லாம் கச்சிதமாக வேலை செய்கின்றன. தயாரித்த நிறுவனம்தான் டிரைவர் (கருவியை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மென்பொருள்) எழுதுவதை விண்டோஸ் எக்ஸ்பியோடு நிறுத்திக்கொண்டது. அந்த டிரைவர் 32 பிட். 64 பிட் விண்டோஸ் 32 பிட் கெர்னல் டிரைவரை (இயங்குதளத்தின் மையத்தில் ஓடும் டிரைவரை) ஏற்றவே ஏற்றாது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ போட்டுப் பாருங்கள் என்று யாராவது சொல்வார்கள். அது அப்ளிகேஷன்களுக்கானது, டிரைவருக்கு உதவாது.

இந்த வேலையில் இறங்கும் முன் இரண்டு இடங்களில் தேடிப் பார்ப்பது நல்லது. ஒன்று, லினக்ஸில் உள்ள சேன் திட்டம் ஆதரிக்கும் ஸ்கேனர்களின் பட்டியல். இன்னொன்று, வியூஸ்கேன் என்ற கட்டண மென்பொருளின் பட்டியல். தயாரிப்பாளர் கைவிட்ட ஆயிரக்கணக்கான ஸ்கேனர்களுக்கு அதில் சொந்த டிரைவர் இருக்கிறது. இவற்றில் உங்கள் மாடல் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். என்னுடையது இரண்டிலும் இல்லை.

சரி, எக்ஸ்பியை நேரடியாக மடிக்கணினியிலேயே போட்டுவிட்டால் என்ன? முடியாது. எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்தது. அது பழைய பயாஸை (கணினியை முதலில் எழுப்பிவிடும் மென்பொருளை) எதிர்பார்க்கிறது. இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் அதன் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ மட்டும்தான் உண்டு, பழைய பயாஸ் போல நடிக்கும் பகுதியை எடுத்தேவிட்டார்கள். ஒருவேளை பூட் ஆனாலும் இன்றைய வேகமான என்விஎம்இ டிஸ்க்குக்கு டிரைவர் இல்லை, யூஎஸ்பி 3 கன்ட்ரோலருக்கு இல்லை, வைஃபைக்கு இல்லை. சாட்டா டிஸ்க்கின் ஏஹெச்சிஐ முறைகூட அதற்குத் தெரியாது. அந்தக் காலத்தில் எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியிலிருந்து டிரைவர் ஏற்றியவர்களுக்கு இது நினைவிருக்கும். ஒவ்வொரு பாகமாக மல்லுக்கட்டுவதைவிட, அதற்குப் பழக்கமான கணினி ஒன்றை மென்பொருளிலேயே செய்து கொடுப்பது எளிது. இது ஒன்றும் குறுக்குவழி இல்லை. 2009இல் விண்டோஸ் 7 வந்தபோது மைக்ரோசாஃப்ட்டே ‘எக்ஸ்பி மோட்’ என்ற பெயரில், உரிமத்தோடு சேர்த்து ஒரு எக்ஸ்பி விர்ச்சுவல் மெஷினைக் கொடுத்தது.

விர்ச்சுவல் மெஷினை ஓட்ட நான் எடுத்துக்கொண்ட மென்பொருள் விர்ச்சுவல்பாக்ஸ். கியூஇஎம்யூ என்ற இன்னொன்றிலும் செய்யலாம்; அதன் வழக்கமான இயந்திர வகை 1996இல் வந்த இன்டெல் 440எஃப்எக்ஸ் சிப்செட்டைப் போலச் செய்தது என்பதால் எக்ஸ்பிக்கு அது சொந்த வீடு மாதிரி. ஆனால் யூஎஸ்பி கருவிகளை மாட்டிக் கழற்றும் வேலைக்கு விர்ச்சுவல்பாக்ஸின் மெனு எனக்கு வசதியாக இருந்தது.

முதலில் ஹோஸ்ட், அதாவது நிஜக் கணினியின் பக்கம். யூஇஎஃப்ஐ செட்டிங்ஸில் வன்பொருள் மெய்நிகராக்கம் (விர்ச்சுவல் மெஷினை வேகமாக ஓட்ட ப்ராசஸர் தரும் வசதி) முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும். அப்புறம் ஒரு ஆமை. விண்டோஸ் 11இல் விர்ச்சுவல்பாக்ஸை ஓட்டினால் ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமைப் படம் ஒன்று தெரியலாம். அலங்காரத்துக்கு வைத்ததல்ல அது. விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி ஏற்கெனவே ப்ராசஸரின் மெய்நிகராக்க வசதியைப் பிடித்துவைத்திருக்கிறது, நான் அதன் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது, மெதுவாகத்தான் போவேன் என்று அர்த்தம். ஹைப்பர்-வியை நீங்கள் தனியாக இயக்கியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு வசதி, விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 போன்றவை பின்னாலிருந்து அதைக் கிளப்பிவிடும். ஆமையை விரட்ட மெமரி இன்டெக்ரிட்டியை அணைக்கச் சொல்லிப் பலரும் எழுதுகிறார்கள். ஒரு பழைய ஸ்கேனருக்காக தினசரி வேலை செய்யும் கணினியின் காவலைத் தளர்த்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே மடிக்கணினியில் லினக்ஸும் இருந்ததால் வேலையை அங்கே மாற்றிக்கொண்டேன்.

அங்கேயும் இதன் அண்ணன் தம்பி உண்டு. லினக்ஸ் கெர்னல் 6.12இலிருந்து, லினக்ஸின் சொந்த மெய்நிகராக்கப் பகுதியான கேவிஎம் மாட்யூல் ஏறிய உடனேயே விடி-எக்ஸைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. முன்பெல்லாம் கேவிஎம்மில் ஏதாவது மெஷின் ஓடினால்தான் எடுக்கும். இதனால் விர்ச்சுவல்பாக்ஸ் மெஷின் கிளம்ப மறுத்து, விஎம்எக்ஸ் ரூட் மோட் என்று ஏதோ புலம்பலாம். அந்த நேரத்துக்குக் கேவிஎம் மாட்யூலை இறக்கிவிட்டால் போதும். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் வசதி) இயங்கும் கணினியானால் விர்ச்சுவல்பாக்ஸின் மாட்யூல்களுக்குக் கையொப்பமிட வேண்டிய வேலையும் சேர்ந்துகொள்ளும்.

இனி எக்ஸ்பிக்கு எழுதிக்கொடுத்த கணினி. ப்ராசஸர் ஒன்றே ஒன்று. ரேம் 1 ஜிபி. எக்ஸ்பிக்கு 128 எம்பி போதும் என்று சொன்ன காலத்தது அது, 1 ஜிபியே ராஜ வாழ்க்கை. 32 பிட் என்பதால் 4 ஜிபிக்கு மேல் கொடுப்பதில் பயனும் இல்லை. டிஸ்க், பழைய காலத்து ஐடிஇ கன்ட்ரோலரில். இது முக்கியம். சாட்டாவில் மாட்டினால், ஹார்ட் டிஸ்க் எதுவும் காணோம் என்று இன்ஸ்டாலர் நின்றுவிடும். ஐடிஇயில் நிறுவிவிட்டு, வேகம் கிடைக்குமே என்று பின்னால் சாட்டாவுக்கு மாற்றினால் 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை வரும். டிஸ்க் கோப்பு இருப்பது எஸ்எஸ்டியில் என்பதால் ஐடிஇ என்ற பெயரைப் பார்த்து வேகத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. நெட்வொர்க் கார்டு பிசிநெட் ஃபாஸ்ட் 3; இதற்கான டிரைவர் எக்ஸ்பி சிடியிலேயே இருக்கிறது. ஐ/ஓ ஏபிக் (கருவிகள் ப்ராசஸரைக் கூப்பிடும் முறை) என்ற ஒரு டிக் பெட்டி உண்டு. அதை வைப்பதா வேண்டாமா என்று நிறுவும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். எக்ஸ்பி, வன்பொருளோடு பேசும் தன் அடித்தளமான ஹாலை நிறுவும் நேரத்தில்தான் தேர்ந்தெடுக்கிறது, பிறகு அந்தப் பெட்டியை மாற்றினால் பூட் ஆகாமல் போகலாம்.

எக்ஸ்பியின் ஆக்டிவேஷன் (உரிமச் சரிபார்ப்பு) இந்த எழுதிவைத்த கணினியைத்தான் பார்க்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி, டிஸ்க், ப்ராசஸர், ரேம் என்று பலதையும் சேர்த்து ஒரு கைரேகை எடுத்துவைத்துக்கொள்கிறது. நிறைய மாற்றினால் திரும்ப ஆக்டிவேட் செய் என்று நிற்கும். நிறுவிய பிறகு 30 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் ரேமை ஏற்றி இறக்குவது, கார்டை மாற்றுவது எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசியில் ஆக்டிவேட் செய்வதுதான் சரியான வரிசை. உரிமமும் தனியாக வாங்கியதாக இருக்க வேண்டும். பழைய கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது.

இங்கே ஒரு சின்ன நெளிவு சுளிவு. எக்ஸ்பியை இணையத்தோடு சேர்க்கக் கூடாது. 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல் பரவியபோது மைக்ரோசாஃப்ட் மனமிரங்கி எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தம் வெளியிட்டது, ஆனால் அதை நம்பிக்கொண்டிருக்க முடியாது. அதற்காக நெட்வொர்க் கார்டையே பிடுங்கிவிட்டால் ஆக்டிவேஷன் கைரேகையில் ஒரு பங்கு போகிறது. கார்டை அப்படியே விட்டுவிட்டு, அது இணைக்கப்பட்டிருக்கும் இடத்தை மட்டும் ‘நாட் அட்டாச்டு’ என்று வைத்தால் போதும். எக்ஸ்பிக்குக் கார்டு தெரியும், கேபிள் சொருகப்படாதது போல. இணையம் இல்லாததால் இழப்பும் பெரிதாக இல்லை. எக்ஸ்பியில் போகக்கூடிய கடைசி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8ஆம் பதிப்பு, தளங்களோடு பாதுகாப்பாகப் பேசும் டிஎல்எஸ் 1.2 முறை அதற்குத் தெரியாது, இன்றைய தளங்களில் பாதிக்கு மேல் அதில் திறக்கப்போவதில்லை.

இதுவரை எல்லாம் சுகம். எக்ஸ்பி நிறுவப்பட்டது, கெஸ்ட் அடிஷன்ஸ் (கெஸ்ட், அதாவது உள்ளே ஓடும் இயங்குதளத்துக்கு விர்ச்சுவல்பாக்ஸ் தரும் துணை மென்பொருள்) ஏறியது, எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளிப் படம் தெரிந்தது. ஸ்கேனரை மாட்டியதும்தான் கதை தொடங்கியது. டிஸ்க்கும் நெட்வொர்க் கார்டும் நாம் கற்பனையாகக் கொடுத்தவை. ஸ்கேனர் நிஜம். நிஜக் கருவியைக் கற்பனைக் கணினிக்குள் கொண்டுபோகும் அந்த யூஎஸ்பி பாதையில்தான் எனக்கு அதிக நேரம் போனது.

விர்ச்சுவல்பாக்ஸ் மூன்று வகை யூஎஸ்பி கன்ட்ரோலர் தருகிறது: 1.1, 2.0, 3.0. எக்ஸ்பிக்கு 3.0 புரியாது. 1.1 புரியும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4000 டிபிஐயில் ஒரு 35 மிமீ ஃபிரேம் ஏறத்தாழ 5670க்கு 3780 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று நிறம், நிறத்துக்கு 16 பிட் என்றால் படம் 128 எம்பி. யூஎஸ்பி 1.1 நொடிக்கு 12 மெகாபிட். முழு வேகத்தில் போனாலும் ஒரு படம் வந்துசேரக் கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம், நடைமுறையில் இன்னும் அதிகம். 2.0 நொடிக்கு 480 மெகாபிட். அதில் ஸ்கேனரின் மோட்டார் நகரும் வேகம்தான் தடை, கம்பி அல்ல. ஆகவே 2.0. இதற்கான வசதி முன்பு எக்ஸ்டென்ஷன் பேக் என்ற தனிப் பொதியில் வந்தது, விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் அடிப்படைப் பொதியிலேயே இருக்கிறது. எக்ஸ்பி பக்கத்திலும் சர்வீஸ் பேக் 3 போட்டுவிடுங்கள். யூஎஸ்பி 2.0 ஆதரவே சர்வீஸ் பேக் 1இல்தான் வந்தது.

லினக்ஸ் ஹோஸ்டில் யூஎஸ்பி பட்டியல் காலியாகத் தெரிந்தால், உங்கள் பயனர் கணக்கு விபாக்ஸ்யூசர்ஸ் என்ற குழுவில் இல்லை என்று பொருள். சேர்த்துவிட்டு, முழுதாக லாக் அவுட் ஆகி வர வேண்டும். ஜன்னலை மூடித் திறந்தால் போதாது.

அப்புறம் வந்தது எல்லாவற்றிலும் விசித்திரமானது. மெனுவில் ஸ்கேனரைத் தேர்ந்தெடுத்தால் எக்ஸ்பியில் ‘புதிய வன்பொருள்’ என்று குமிழ் வரும், டிரைவர் ஏறும், அடுத்த நொடி ஸ்கேனர் மாயமாகிவிடும். மறுபடி தேர்ந்தெடுத்தால் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. கேபிளைச் சந்தேகிக்கத் தோன்றும், போர்ட்டைச் சந்தேகிக்கத் தோன்றும். ஹோஸ்டில் யூஎஸ்பி கருவிகளின் பட்டியலை முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது: மாயமாவதற்கு முன்னும் பின்னும் ஸ்கேனரின் அடையாள எண் வேறு வேறு.

அந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றில் ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள் மென்பொருள்) கருவிக்குள் நிரந்தரமாக இருக்காது. கருவி மாட்டப்பட்டதும் ஒரு தற்காலிக எண்ணோடு தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். டிரைவர் அதற்கு ஃபர்ம்வேரை ஊட்டும். ஊட்டியதும் கருவி தன்னைத்தானே கழற்றிக்கொண்டு, புது எண்ணோடு புதிய கருவியாக மறுபடி தோன்றும். நிஜக் கணினியில் இது கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பதால் யாருக்கும் தெரியாது. விர்ச்சுவல் மெஷினில், முதல் எண்ணுக்கு நாம் கதவைத் திறந்திருக்கிறோம். இரண்டாவது எண்ணோடு வரும் கருவி ஹோஸ்டிடமே தங்கிவிடுகிறது.

தீர்வு, கையால் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டு யூஎஸ்பி ஃபில்டர் எழுதுவது. விர்ச்சுவல்பாக்ஸ் தானாக எழுதும் ஃபில்டரில் தயாரிப்பாளர் எண், பொருள் எண், பதிப்பு, வரிசை எண் என்று எல்லாம் நிரப்பியிருக்கும். தயாரிப்பாளர் எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழித்துவிட்டால் கருவி எந்த எண்ணோடு வந்தாலும் உள்ளே போகும். சில கருவிகளில் தற்காலிக எண், உள்ளே இருக்கும் யூஎஸ்பி சிப்பைச் செய்த நிறுவனத்துடையதாக இருக்கும். அப்போது இரண்டு ஃபில்டர் வேண்டும். ஸ்கேனர் மட்டுமல்ல, பழைய அளவைக் கருவிகள், புரோகிராமர் பெட்டிகள் பலவும் இதே குணம் கொண்டவை. எல்லாம் சரியாக வைத்தும் ‘வந்து வந்து போகிறது’ என்றால் முதலில் இந்த எண் மாற்றத்தைப் பாருங்கள்.

யூஎஸ்பி பற்றி இன்னும் சில. மடிக்கணினியின் மின்சேமிப்பு, சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியைத் தூங்க வைக்கும். ஃபிரேம் மாற்றும் இடைவெளியில் ஸ்கேனர் தொலைந்தால் ஹோஸ்டில் அந்தக் கருவிக்கு மட்டும் ஆட்டோசஸ்பெண்டை அணைக்க வேண்டும். ஹப் வழியாக அல்லாமல் நேரடிப் போர்ட்டில் மாட்டுவது நல்லது. ஸ்கேனர் இணைந்திருக்கும்போது மெஷினின் நிலையைச் சேமித்து மூடாமல், எக்ஸ்பியை முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். டிரைவர் நிறுவும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால், டிரைவர் பாதியில் குழம்பினாலும் ஒரு சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். நிஜ எக்ஸ்பி கணினியில் இந்தச் சொகுசு கிடையாது.

ஸ்கேன் செய்த டிஃப் கோப்புகளை வெளியே எடுக்க, கெஸ்ட் அடிஷன்ஸ் தரும் ஷேர்டு ஃபோல்டரே போதும். அதற்கு நெட்வொர்க் தேவையில்லை. எக்ஸ்பியின் சொந்த கோப்புப் பகிர்வுக்கு ஆசைப்படாதீர்கள். அது பேசுவது எஸ்எம்பி 1 என்ற பழைய மொழி. இன்றைய விண்டோஸ் அதை இயல்பாகவே நிறுவுவதில்லை, வானாக்ரை புகுந்த வழியும் அதுதான்.

இதே உத்தியை எதிர்த்திசையிலும் ஒருமுறை பயன்படுத்தினேன்: பழைய கணினி, புதிய இயங்குதளம். நான்காம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர் கொண்ட ஒரு மடிக்கணினி. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்பான டிபிஎம் 2.0 அதில் இல்லை, ப்ராசஸரும் விண்டோஸ் 11இன் பட்டியலில் இல்லை. லினக்ஸ் போட்டு, கேவிஎம்மில் மெஷின் உருவாக்கி, எஸ்டபிள்யூடிபிஎம் என்ற மென்பொருள் டிபிஎம்மையும் செக்யூர் பூட் உள்ள ஓவிஎம்எஃப் என்ற யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரையும் கொடுத்தேன். இன்ஸ்டாலர் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. ஹோஸ்ட் ப்ராசஸரும் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதே மைக்ரோசாஃப்ட் சொல்வது. ஆகவே இதை ஆதரவுள்ள ஏற்பாடு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

டிபிஎம்மை மென்பொருளில் செய்துவிடலாம். ப்ராசஸரின் கட்டளைகளை அப்படிச் செய்ய முடியாது. மெய்நிகராக்கத்தில் கெஸ்ட்டின் கட்டளைகள் நிஜ ப்ராசஸரிலேயே நேரடியாக ஓடுகின்றன, அந்த வேகமே அதனால்தான். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு பாப்கவுன்ட், எஸ்எஸ்இ 4.2 ஆகிய கட்டளைகள் இல்லாமல் பூட் ஆகாது. நான்காம் தலைமுறையில் இவை உண்டு, கோர் 2 டுவோவில் இல்லை. எந்த செட்டிங்ஸாலும் வரவழைக்க முடியாது. இவை உள்ள கணினியில்கூட கியூஇஎம்யூவின் பொதுவான கியூஇஎம்யூ64 மாடலை விட்டுவைத்தால் கெஸ்ட்டுக்கு எஸ்எஸ்இ 4.2 தெரியாது. ப்ராசஸர் வகையை ‘ஹோஸ்ட் பாஸ்த்ரூ’ என்று மாற்ற வேண்டும். எக்ஸ்பிக்குக் குறைத்துக் காட்டியதற்கு நேர் எதிர்.

ஓடியதா என்றால் ஓடியது. 8 ஜிபி ரேமில் பாதியை வாங்கிக்கொண்டு, கிராபிக்ஸ் முடுக்கம் இல்லாமல், வீடியோ திக்கித் திணறி. விண்டோஸில் மட்டும் திறக்கும் ஒரு கணக்கு மென்பொருளைப் பார்க்க அது சரி. நாள் முழுதும் அதிலேயே உட்கார்ந்து வேலை செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதற்கு அந்த லினக்ஸே மேல்.

ஆப்பிளின் எம்1 முதலான சிப் உள்ள கணினிகளில் எக்ஸ்பி ஓட்ட நினைப்பவர்களுக்கும் இதே காரணம்தான் குறுக்கே நிற்கிறது. அவற்றின் ப்ராசஸர் வகை ஏஆர்எம், எக்ஸ்பி எதிர்பார்ப்பது எக்ஸ்86. யூடிஎம் போன்ற செயலிகள் ஒவ்வொரு கட்டளையையும் மாற்றி எழுதி ஓட்டிக் காட்டும். அது எமுலேஷன், வேகத்தில் பெரிய அடி. எக்ஸ்பி போன்ற சின்ன இயங்குதளம் தாக்குப்பிடிக்கும், ஆனால் 128 எம்பி படத்தைத் திருத்த உட்கார்ந்தால் பொறுமை போய்விடும்.

எக்ஸ்பி மெஷின் இருக்கும் ஃபோல்டரையும், ஸ்கேனர் டிரைவர் சிடியின் ஐஎஸ்ஓ பிரதியையும் வெளி டிஸ்க் ஒன்றில் சேர்த்து வைத்திருக்கிறேன். வேறு கணினிக்கு மாற்றும்போது மேக் முகவரியை மாற்றாமல் கொண்டுபோக வேண்டும். இம்போர்ட் செய்யும் ஜன்னலில் அதற்கு ஒரு தெரிவு இருக்கிறது. ஹோஸ்டின் ப்ராசஸர் மாறுவது எக்ஸ்பிக்குத் தெரியும் என்றாலும், அது ஒன்று மட்டும் மாறினால் ஆக்டிவேஷன் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை.

யூஎஸ்பி அல்லாத ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது. ஃபயர்வயரை விர்ச்சுவல்பாக்ஸ் உள்ளே கடத்தாது. ஸ்கஸி கார்டு என்றால், பிசிஐ கார்டையே கெஸ்ட்டுக்கு ஒப்படைக்கும் விஎஃப்ஐஓ முறை லினக்ஸில் இருக்கிறது. அதற்கு ஐஓஎம்எம்யூ வசதியும், கார்டைச் சொருக இடமுள்ள மேசைக்கணினியும் வேண்டும். மடிக்கணினி மட்டும்தான் இருக்கிறது என்றால், அந்த ஸ்கேனருக்கு எக்ஸ்பி ஓடும் நிஜமான பழைய கணினி ஒன்றைத் தேடுவதே நடக்கிற காரியம்.